கோமளாவுக்குச் சார்ஜ் நிற்கவில்லை

"மறுபடியும் காலிடா!"

லோகநாதன் போட்ட கூச்சலில், வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அவன் மச்சான் அஜித்குமார் வாய் நுரையோடு உள்ளே ஓடி வந்தான்.

"இன்னா மாமா?"

"நீயே பாரு. நேத்து சாயங்காலம் மாட்டும்போது பாதிக்கு மேல இருந்துச்சு. விடிய விடிய சார்ஜ்ல கெடந்த பேட்டரி. எட்டு வோல்ட்டுக்கு மேல காட்டணும். இன்னா காட்டுது?"

அஜித்குமார் குனிந்து பார்த்தான். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. அதன் சின்னத் திரையில் 'ஒன்று' என்று காட்டியது. அதுவும் போதாதென்று, ஏதோ மலையைப் புரட்டிவிட்டதுபோல மூன்று தடவை பீப் பீப் என்று கத்தியது.

"ஒன்னு மாமா."

"இதுக்குப் பேரு சார்ஜரா? ஏத்துறதுக்கு வாங்கியாந்தா, இருக்கறதையும் உறிஞ்சிட்டு ஏப்பம் விடுது!"

நாற்பத்தைந்து வயதில் மனிதர்களுக்குச் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும். பசியாவரம் லோகநாதனுக்கு ரிமோட் படகு ஆசை வந்தது. உடைந்துபோன ஃபைபர் படகிலிருந்து ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, ஒட்டி, முழங்கை நீளத்துக்கு ஒரு படகு செய்தான். மோட்டார், ரிமோட், மூன்று பேட்டரிக் கட்டு, இந்தச் சார்ஜர் எல்லாம் பார்சலில் வந்து சேர்ந்தன. பொம்மையை மனைவி தூக்கி ஏரியில் வீசிவிடுவாளோ என்ற பயத்தில், படகின் இரண்டு பக்கமும் 'கோமளா' என்று அவள் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவனுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் பேட்டரி காலியானதற்கு இப்படிக் கத்தியிருக்க மாட்டான். இப்போது அந்தப் பொம்மையை நம்பித்தான் வீட்டின் இரண்டாவது பங்கு இருந்தது.

பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று சுற்றி வரும். பாடு வருகிற அன்று ஒரு வலைக்கு இரண்டு ஆள், இரண்டு பங்கு. ஒருவன் இந்தக் கரையிலிருந்து வலையை விடுவான். இன்னொருவன் கயிற்று நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து, எதிரே இருக்கும் மணல்திட்டின் ஓரத்துத் தண்ணீரில் நட்ட கழியில் கட்டுவான். கட்டிவிட்டு உடனே திரும்பிவிடவும் கூடாது. நீரோட்டம் மாறுகிறவரை கழிக்குப் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். நடுவில் தண்ணீரில் காலை வைத்தால் இறால் கலைந்துவிடும். கலைத்தவனை ஊர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடும்.

அப்படி நடந்து போகிற இரண்டாவது ஆள்தான் அஜித்குமார். கோமளாவின் ஒரே தம்பி. இருபத்தெட்டு வயது, நல்ல உடம்பு, ஆனால் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று பழவேற்காடு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

"கால் ஆறாம என் தம்பி இன்னொரு தபா தண்ணில எறங்கினான்னு வெச்சுக்கோ," என்று கோமளா புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள், "மறுநாளே அவனை ஒரகடத்துக்கு அனுப்பிடுவேன். சித்தப்பா பையன் கம்பெனில சேத்துவுடறேன்னு சொல்லிக்கினே கீறான்."

"அவன் போய்ட்டா ரெண்டாவது பங்கு?"

"நீயாச்சு, உன் பங்காச்சு. எனக்கு என் தம்பி கால்தான்."

இரண்டாவது ஆள் இல்லாத வலையின் இரண்டாவது பங்கு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்படிப் போன பங்கு திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால்தான் லோகநாதன் பாடுத் தலைவர் தங்கவேலிடம் போய், மெல்லிய நைலான் கயிற்றைத் தன் ரிமோட் படகு இழுத்துக்கொண்டு போய்க் கழியைச் சுற்றித் திரும்ப வரும், அந்தக் கயிற்றை வைத்துப் பெரிய கயிற்றை இழுத்து வலையை விரித்துவிடலாம், படகையே இரண்டாவது ஆளாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்று மன்றாடினான். தங்கவேல் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்து, "ஓடட்டும், பாக்கலாம்," என்றார்.

ஓடவில்லை. முதல் பாட்டில் பாதி வழியில் நின்றது. அடுத்த பாட்டில் பாதி வழிகூடப் போகவில்லை. "ஏய், கோமளா நின்னுட்டாடா!" என்று கரையே கைகொட்டிச் சிரித்தது. இரண்டு தடவையும் சட்டையைக் கழற்றி அக்கா மேல் எறிந்துவிட்டு, கயிற்றை வாங்கிக்கொண்டு தண்ணீரில் குதித்தவன் அஜித்குமார். "எறங்காதடா, கால் போய்டும்டா!" என்று கோமளா அழுதது அவன் காதில் ஏறவேயில்லை. புண்காலோடு அவன் விறுவிறுவென்று போன போக்கைப் பார்த்து லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஒரகடம் விஷயத்தை அவனிடம் சொல்ல மனசே வரவில்லை.

கோமளாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அடுத்த பாடு வரைக்கும் தவணை வாங்கியிருந்தான். தங்கவேலும் அடுத்த பாடுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

"யோசிப்போம் மாமா," என்றான் அஜித்குமார், நுரையைத் துப்பிவிட்டு. "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல?"

லோகநாதன் யோசித்தான். இறால் பெட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் பளிச்சென்று பட்டது.

"அஜித்து, ஐஸ் பெட்டில நேத்து தண்ணியை வடிக்காம அது மேலயே புது ஐஸைக் கொட்டினா இன்னா ஆவும்?"

"புது ஐஸும் சேந்து கரைஞ்சு பூடும்."

"அதான் மேட்டரு! பழைய கரண்ட் அடியில தங்கிக் கீது. அதும் மேலயே புதுசை ஏத்தறோம், நிக்க மாட்டேங்குது. மொதல்ல அடிவரைக்கும் வடிச்சு, அப்புறம் ஏத்தணும்."

மச்சான் அவனை மலைத்துப்போய்ப் பார்த்தான். "எப்பிடி மாமா ஒனக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?"

சார்ஜரிலும் அதற்கு வசதி இருந்தது. பட்டனை அமுக்கினால் பேட்டரியை வெறுமனே வடிக்கும்; வேண்டுமானால் வடித்துவிட்டுப் பிறகு ஏற்றவும் செய்யும். எந்த அளவோடு வடிப்பதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லலாம். நிறுத்துவானேன் என்று லோகநாதன் அந்த அளவை இருப்பதிலேயே கீழே கொண்டுபோய் வைத்தான். ஐஸ் பெட்டியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைப்பார்களா?

பெட்டி உற்சாகமாக வடித்தது. முழுவதும் வடித்த பிறகு ஏற்றப்போனது. ஏறவில்லை. முதல் பேட்டரிக் கட்டு அன்றோடு கண்ணை மூடியது. தட்டினாலும் குலுக்கினாலும் திறக்கவில்லை.

இரண்டாவது கட்டையும் சார்ஜரையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் பழவேற்காட்டுக்குப் போனார்கள். அங்கே ஜோயல் என்று ஒரு மெக்கானிக். படகு எஞ்சின் பார்ப்பவன். ஆனால் எஞ்சின் மட்டும்தான் தெரியும் என்று அவன் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. சார்ஜரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இந்த மாதிரி பேட்டரியை ஓர் அளவுக்குக் கீழ வடிக்கவே கூடாது. அத்த மீறினா உள்ள கீற செல்லு செத்துரும். அடிவரைக்கும் வடிக்கச் சொல்லி எவன் சொன்னான்?"

லோகநாதன் அஜித்குமாரைப் பார்த்தான். அஜித்குமார் லோகநாதனைப் பார்த்தான்.

"அத்த வுடு," என்றான் லோகநாதன். "வடிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே அதுவா வடிச்சிச்சே, அது ஏன்?"

ஜோயல் நெற்றியைச் சுருக்கினான். "உங்கூட்ல எர்த்து கீதா?"

"இன்னாது?"

"அதான். எர்த்து இல்ல. உப்புக் காத்து வேற. ஏற வேண்டிய கரண்ட்டு பின்பக்கமா ஓடிப்போவுது. ஒரு ஒயரை எடுத்து ஈர மண்ணுல பொதைச்சிரு. டக்குனு நிக்கும்."

ஈர மண்ணுக்குப் பசியாவரத்தில் பஞ்சமில்லை. அன்று மத்தியானமே கொல்லையில் குழாயடிக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி ஒயரைப் புதைத்தார்கள். மச்சான்தான் வியர்க்க வியர்க்கத் தோண்டினான். ஒயரின் இன்னொரு முனையை எங்கே கொடுப்பது என்று ஜோயல் சொல்லவில்லை, இவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தது. மனசுக்குப் பட்ட ஓட்டையில் சொருகினார்கள்.

கோமளா குழாயைத் திறக்கக் கை வைத்தாள். அவள் போட்ட சத்தம் எதிர்த்திட்டு வரைக்கும் கேட்டிருக்கும். குடம் ஒரு பக்கம், இடுப்பிலிருந்த இறால் சட்டி ஒரு பக்கம். ஆய்ந்து கழுவிய இறால் முழுக்கக் கொல்லை மண்ணில் கிடந்தது. ஆள் பிழைத்ததே புண்ணியம். ஒயரைப் பிடுங்கி எறிந்தார்கள்.

மறுநாள் காலையில் சார்ஜர் வழக்கம்போல ஒன்றைக் காட்டி மூன்று தடவை கத்தியது.

லோகநாதனுக்குத் தலை சுற்றியது. செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். யாரோ ஒரு வடநாட்டுப் பையன் இந்தியில் சரமாரியாகப் பேசினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் சார்ஜரின் பட்டனைக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி, 'தொடாதே' என்பதுபோலச் சைகை செய்தது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆக, யாரோ பட்டனைத் தொடுகிறார்கள்!

யார்? வீட்டில் தூசி தட்டுவது யார்?

"ஏ கோமளா," என்று ஆரம்பித்தான். அந்த ஆரம்பமே சரியில்லை. "தொடப்பம் போடும்போது அந்தப் பெட்டியத் தொட்டியா?"

கோமளா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நானா? நான் ஏன்யா தொடப்போறேன்? ஒரு தபா கொழாயைத் தொட்டதுக்கே உசுரு போய் உசுரு வந்துச்சு. ஊரே 'கோமளா நின்னுட்டா, கோமளாவுக்கு பேட்டரி வீக்கு'ன்னு சிரிக்குது. தண்ணி புடிக்கப் போனா, 'இன்னா கோமளா, சார்ஜ் ஏத்திக்கினியா'ன்னு கேக்குறாளுங்க. அத்தயும் பொறுத்துக்கினு கீறேன். இப்ப திருடிப் பட்டம் வேற கட்டுறியா?"

"திருடின்னு எவன் சொன்னான்? கை பட்டுச்சான்னுதான்..."

அன்றிலிருந்து மூன்று வேளையும் கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்புகூடக் கிடையாது.

கோமளா இல்லையென்றால் வேறு யார்? அவன் சந்தேகம் அடுத்துத் தங்கவேல் மேல் பாய்ந்தது. மனிதர் சில நாளாக வீட்டுப் பக்கம் அடிக்கடி வந்துபோய்க்கொண்டிருந்தார். படகு தோற்றால் பங்கு அவர் சொல்கிற இடத்துக்குத்தானே போகும்? அதற்கேற்றாற்போல அன்று மாலை லோகநாதன் உள்ளே நுழையும்போது, தங்கவேல் சார்ஜருக்கு நேரே மூக்கை வைத்துக் குனிந்துகொண்டிருந்தார்.

"தலைவரே! கைய எடுங்க!"

தங்கவேல் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இன்னாடா?"

"எல்லாம் தெரியும். பெரிய மனுசன் பண்ற வேலையா இது? எங்கூட்டு பேட்டரிய வடிச்சு ஒங்களுக்கு இன்னா கெடைக்கப்போவுது?"

"டேய், நான் மணி பாக்க வந்தேன்டா. அதுல நம்பர் எரியுதே, கடிகாரம்னு நெனச்சேன். மூணு நாளா அத்தப் பாத்துத்தான் மாத்திரை போடறேன். ஏன்டா ஒரே நேரத்துலயே நிக்குதுன்னு நானும் கொயம்பிப் போய்க் கீறேன்!"

ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவர் வோல்ட் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் லோகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். தங்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பாட்டுல உன் பொம்மை நின்னுச்சு, பங்குப் பேச்சையே எடுக்காத. சொல்ட்டேன்."

ஆக மொத்தம், மனைவி பேசவில்லை, தலைவர் பேசவில்லை, ஜோயலிடம் இவனே பேசவில்லை. பேசுவதற்கு மிச்சமிருந்த ஒரே ஜீவன் அஜித்குமார்.

"நீ கவலைப்படாத மாமா," என்றான் அவன். "இன்னிக்கு நான் காவல் படுக்கறேன். பெட்டியாண்டயே பாயப் போட்டுக்கறேன். ஈ எறும்பு கிட்ட வராது."

லோகநாதன் அவனை அப்படியே கட்டிக்கொண்டான்.

காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது அஜித்குமார் சொன்னபடியே பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் இரண்டாவது பேட்டரிக் கட்டு சோறு வடித்த பானைபோலச் சுட்டது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உரிந்துவிட்டது. திரையில் எண் என்று எதுவுமே இல்லை.

"தூங்கிட்டியா?"

"கண்ணு அசரவே இல்ல மாமா. யாரும் கிட்ட வர்ல. என் கண்ணு முன்னாடியே எறங்குச்சு. ஏழு, ஆறு, அஞ்சு, நாலுன்னு."

"எறங்கறதைப் பாத்துக்கினா உக்காந்திருந்த?"

"காவல்தானே மாமா இருக்கச் சொன்ன?"

லோகநாதன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் இப்போது ஒன்று உறுதியாகிவிட்டது. யாரும் தொடவில்லை. தன் கண்ணால் பார்த்த சாட்சியே சொல்கிறான். பெட்டி தானாகவே உறிஞ்சுகிறது. அப்படியானால் ஏன் உறிஞ்சுகிறது? உறிஞ்சியது எங்கே போகிறது? யோசிக்க யோசிக்க, தெளிந்த தண்ணீரில் காலை விட்டுக் கலக்கியதுபோல ஆனது. இப்போது மூன்றாவது கட்டு மட்டும்தான் பாக்கி. அதைச் சார்ஜரில் போடவே பயந்து இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். பாட்டுக்கு முந்தின சாயங்காலம் வேறு வழியில்லாமல் மாட்டினான்.

பாடு அன்று விடிந்தது. திரையில் ஒன்று. மூன்று பீப்.

லோகநாதன் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல்தான் வலை விட வேண்டும். ஐஸும் புது நைலான் கயிறும் வாங்கிவர மச்சானைப் பழவேற்காட்டுக்கு அனுப்பியிருந்தான். அவன் திரும்பி வந்தவுடன் ஒரகடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். பங்கு போனால் போகிறது; அந்தப் பையன் இல்லாத வீட்டைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கஞ்சி கொண்டுவந்த கோமளா அவனைப் பார்த்தாள். சீக்குக் கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் அந்தக் கட்டைப் பிடித்திருந்தான். கோபமெல்லாம் இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே அதிகம். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"குடு இப்பிடி."

"வேணாம் கோமளா. அது உறிஞ்சிரும்."

"உறிஞ்சட்டும் பாக்கறேன். எந்தப் பட்டனு? காமி."

சார்ஜரை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரைப் பிளக்கில் மாட்டினாள். அவன் காட்டிய பட்டனை அமுக்கினாள். அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு அதற்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏறு," என்றாள் பெட்டியைப் பார்த்து. "ஏறல, ஒன்ன ரெண்டா அரிஞ்சு கொழம்புல போட்டுருவேன்."

லோகநாதன் எட்டிப் பார்த்தான். இரண்டு என்றது. பிறகு நான்கு. அவள் மீனை அரிந்து, கழுவி, குழம்பைக் கூட்டி, சோறு வடித்து முடிப்பதற்குள் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறி, எட்டைத் தாண்டி நின்று, மூன்று தடவை பீப் என்றது. இந்தத் தடவை அந்தச் சத்தம் பயந்து கத்தியதுபோலவே அவனுக்குக் கேட்டது.

"எப்பிடி?" என்றான். "அதே பெட்டி. அதே பேட்டரி. எப்பிடி?"

"மிரட்டிச் சொன்னா எதுவும் கேக்கும்," என்றாள் கோமளா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

அவனுக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. இந்த வீட்டில் கோமளாவுக்குப் பயப்படாதது எது?

வலை விடுகிற நேரத்துக்குக் கரையில் ஊரே கூடிவிட்டது. மீன் பிடிக்கிறவர்களைவிடச் சிரிக்க வந்தவர்கள் அதிகம். தங்கவேல் தள்ளி நின்று, இவன் பக்கம் திரும்பாமலே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்திட்டில், பாடுதோறும் இறாலை விலைக்கு எடுக்க வரும் குப்பம்மாள் ஐஸ் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பெண் சுபஸ்ரீ தராசுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றாள்.

பழவேற்காட்டிலிருந்து நேரே கரைக்கு வந்த அஜித்குமார் ஐஸை இறக்கிய கையோடு சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டான்.

"நான் ரெடி மாமா. பொம்மை நின்ன ஒடனே கயிறைப் புடிச்சிக்கறேன்."

"மேல வாடா. இன்னிக்கு நிக்காது."

"அப்பிடித்தான் மாமா போன தபாவும் சொன்ன. எனக்குக் காலெல்லாம் ஆறிப் போச்சு. நான் போறேன், வுடு."

"டேய், ஒரு அடி எடுத்து வெச்ச, பாரு!" என்று கோமளா கரையிலிருந்து கத்தினாள். லோகநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான்?

நைலான் கயிற்றைக் கட்டி, கோமளாவைத் தண்ணீரில் விட்டான். ரிமோட்டைத் தள்ளினான். படகு 'கிர்ர்' என்று கிளம்பியது.

"நிக்கும் பாரு," என்றது கரை.

முதலில் நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. அடுத்து நின்ற இடத்தையும் தாண்டியது. சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. "கொஞ்சம் பொறு மாமா, இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்," என்று அஜித்குமார் மட்டும் தண்ணீரில் நின்றபடி சொல்லிக்கொண்டேயிருந்தான். பையன் பதற்றத்தில் வாய் குழறுகிறான் என்று லோகநாதன் நினைத்தான். ரிமோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

கழி வந்தது. படகு சாய்ந்து, வளைந்து, கழியை அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றோடு மூக்கைத் திருப்பிக்கொண்டு கரையை நோக்கி வர ஆரம்பித்தது.

"கோமளா வர்றாடா!"

கரை ஆர்ப்பரித்தது. யாரோ விசிலடித்தார்கள். தங்கவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்; கோபத்தை எங்கேயோ விட்டுவிட்டிருந்தார். "செரி. அதுவும் ஓர் ஆளுதான். ரெண்டாவது பங்கு ஒங்கூட்டுக்குத்தான்," என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

லோகநாதனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோமளாவின் முகத்தைப் பார்த்தான்; அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரகடம் இல்லை, ஒன்றும் இல்லை. அஜித்குமார் இன்னும் தண்ணீரிலேயே, வாயைத் திறந்தபடி படகைப் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சே வரவில்லை போலிருக்கிறது.

"மேல வாடா ராசா!" என்று லோகநாதன் கத்தினான். "இனிமே நீ அந்தப் பக்கம் போவவே வேணாம்டா! உன் ஆயுசுக்கும் வேணாம்!"

அப்போது கோமளாவின் கையிலிருந்த தம்பியின் சட்டைக்குள் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "குப்பம்மாக்கான்னு போட்டிருக்கு. திட்டுலேர்ந்து பாத்துட்டு, படகு வந்துச்சுன்னு சொல்லத்தான் கூப்புடுது போல."

"ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு," என்றான் லோகநாதன் பெருமையாக. "எல்லாரும் கேக்கட்டும்."

"ஐயோ அக்கா, எடுக்காத!" என்று அஜித்குமார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். அதற்குள் கோமளா பட்டனை அமுக்கிவிட்டாள். கரை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. ஆனால் போனில் வந்தது குப்பம்மாளின் குரல் இல்லை. அவள் பெண் சுபஸ்ரீயின் குரல்.

"இன்னாய்யா நீ? நேத்தும் பேட்டரிய வடிச்சுட்டேன், நான்தான் வருவேன்னு சொன்ன... இங்க பொம்மை வந்து சுத்திட்டுப் போவுது, நீ எங்கய்யா?"